பத்தாவது முடிச்ச பொண்ணு, எட்டாவது படிக்கற பையன், மாமியார்: மே மாச அவதிக்கு (லீவுக்கு) எங்க கூட்டிட்டுப் போறது?

வேலந்தாவளம்_வீட்டம்மா | மார்ச் 28, இரவு 9:50

நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். பொண்ணுக்கு 16, எஸ்எஸ்எல்சி எழுதியாச்சு. பையனுக்கு 13. வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர்ல வேலை, சேர்ந்தாப்ல நாலு நாள் லீவு கிடைச்சா அதுவே பெருசு. கூட மாமியார், 68 வயசு, முழங்கால் வலி.

போன வருஷம் கொடைக்கானல் போனோம். காலைல 4 மணிக்கு எழுப்பி, தூக்கத்தோட வண்டில ஏத்தினோம். இ-பாஸ் எடுக்கற ஞாபகம் இவருக்கு இல்ல. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துலிருந்து அது கட்டாயம்னு ஊருக்கே தெரியும், எங்க வீட்டுக்குத் தவிர. அடிவாரத்துல வண்டிய ஓரங்கட்டி, சிக்னல் வரவும் போகவும் இருந்த போன்ல விவரம் அடிச்சு முடிக்க ஒரு மணி நேரம். அப்பறம் ஒரே நாள்ல எட்டு இடம். தூண் பாறைல எல்லாரும் எறங்கினோம், பொண்ணு எறங்கல. ஏன் கண்ணுன்னு கேட்டா, "அது பாறை. நான் பாறை பாத்திருக்கேன்"ங்கறா. அவங்கப்பா கத்த, இவ ஹெட்போன மாட்ட, பொள்ளாச்சி வர்ற வரைக்கும் வண்டிக்குள்ள ஒரு சொல் இல்ல.

இந்த வருஷம் இவருக்கு மூணாறு. மாமியாருக்குக் குருவாயூர். பொண்ணுக்குக் கொச்சி, இல்லன்னா பெரியம்மா வீட்டுல இருந்துக்கறாளாம். பையனுக்கு வைஃபை இருந்தா எந்த ஊரும் சரி. கைல இருக்கறது 20,000. வயசுப் பிள்ளைகளோட போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

---

கொல்லங்கோட்டு_டீச்சர் | மார்ச் 28, இரவு 10:35

4 மணிக்கு எழுப்பினீங்க பாருங்க, அங்கயே பாதி போச்சு. பருவ வயசுல தூக்கத்த வரவைக்கிற மெலடோனின் ராத்திரி லேட்டாத்தான் சுரக்கும். 11, 12 வரைக்கும் தூக்கம் வராது, காலைல எட்டு மணிக்கு முன்னாடி மூளை திறக்காது. சோம்பேறித்தனம்னு நாம திட்டறோம், உடம்போட கடிகாரம் தள்ளி ஓடுது, அவ்வளவுதான். பள்ளிக்கூட நாள்லதான் வேற வழியில்ல. அவதிக்குமா?

நாங்க இப்ப ஒரே ஒரு மாத்தம் பண்ணிருக்கோம். டிக்கெட் இருக்கற நாள் தவிர, பத்து மணிக்கு முன்னாடி யாரும் யாரையும் எழுப்பறதில்ல. நானும் அவரும் காலைல டீ குடிச்சுட்டு ஒரு நடை போய்ட்டு வருவோம். அந்த ரெண்டு மணி நேரம் எங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு.

தேதி விஷயத்துல ஒன்னு. மலையாள மாசம் மீனம் 20 நென்மாறா–வல்லங்கி வேலைத் திருவிழா. எங்க பக்கத்துப் பிள்ளைக அந்த வாரம் எங்கயும் வராது, வெடிக்கட்டு (வாணவேடிக்கை) முடிஞ்சாத்தான் பேச்சு. அடுத்த மேட மாசத்துல திருச்சூர்ப் பூரம். குருவாயூர் போறதா இருந்தா திருச்சூர் வழியாத்தான் போவீங்க, பூரம் தேதிய பாத்துட்டு ரூம் போடுங்க.

---

ரிட்டயர்டு_ரயில் | மார்ச் 29, காலை 5:40

எங்கள் காலத்தில் பிள்ளைகளிடம் யாரும் கேட்டதில்லை. அப்பா "பழனி" என்றால் பழனி. பாலக்காட்டில் மீட்டர்கேஜ் வண்டி ஏறி, பொள்ளாச்சி தாண்டுவதற்குள் கரித்தூள் கண்ணில் விழும், அதற்கும் சந்தோஷம்தான். அந்தப் பாதையை 2008-ல் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி 2015-ல்தான் திறந்தார்கள். அந்த ஏழு வருஷத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ரயிலில் பழனி போகும் சுகமே தெரியாமல் போயிற்று. வீட்டில் ஓட்டுப்போட்டா ஊர் முடிவு செய்வது?

அது கிடக்கட்டும். பயணச்சீட்டுக்கு: முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கும், 2024 நவம்பரிலிருந்து. 120 நாள் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். 12 வயது ஆகிவிட்டால் முழு டிக்கெட், உங்கள் பையனுக்கும் அதுவே. தட்கல் என்றால் முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஆதார் இணைக்காத கணக்கில் தட்கல் எடுக்க முடியாது, இன்றைக்கே இணைத்து வையுங்கள்.

---

மறையூர்_ஜீப் | மார்ச் 29, பகல் 1:15

நான் ஜீப் ஓட்டறவன். பதினஞ்சு வருஷமா இந்த மாதிரிக் குடும்பங்கள முன் சீட்டுலருந்து கண்ணாடில பாத்துட்டிருக்கேன், அதனால சொல்றேன்.

வர்றவங்க கைல ஒரு லிஸ்ட் இருக்கும். லிஸ்ட்ல பத்து இடம். அப்பா என் பக்கத்துல உக்காந்து "அடுத்து என்ன, அடுத்து என்ன"ன்னு கேப்பாரு. பின்னாடி பிள்ளைக தலை குனிஞ்சே இருக்கும். ஆறாவது இடத்துல அம்மா கூட எறங்காது. காசு எனக்குத்தான் வருது, ஆனாலும் பாவமா இருக்கும்.

போன மே மாசம் ஒரு குடும்பம் வந்துச்சு. முனியறை பாக்கக் கூட்டிட்டுப் போனேன், பாறை மேல கல்லு பலகையா அடுக்கி வெச்ச பழங்காலச் சமாதிக. பதினாலு வயசுப் பையன், அதுவரைக்கும் வாயே தொறக்கல. உள்ள தலைய விட்டுப் பாத்துட்டு, "அண்ணா, இவ்ளோ பெரிய கல்ல கிரேன் இல்லாம எப்படித் தூக்கினாங்க?"ன்னான். எனக்குத் தெரியலடா தம்பின்னேன். அங்கயே உக்காந்துட்டான். அப்பா மணி பாக்கறாரு, அடுத்தது காந்தளூர் போகணுமாம். நான் ரேடியேட்டர் சூடாயிருச்சுங்க, அரை மணி நேரம் ஆகும்னு பொய் சொன்னேன். பையன் அந்த அரை மணி நேரமும் கல்ல சுத்திச் சுத்தி வந்தான். அப்பறம் சர்க்கரை ஆலைல சூடா வெல்ல உருண்டை வாங்கிக் குடுத்தேன், கையச் சுட்டுக்கிட்டு சிரிச்சான். அவ்வளவுதான் அந்தப் பயணம். மிச்சம் ஏழு இடத்த அவன் மறந்திருப்பான்.

மூணாறு வர்றதா இருந்தா: வரையாடு குட்டி போடற பிப்ரவரி, மார்ச்ல இரவிகுளம் தேசியப் பூங்காவ மூடிருப்பாங்க, ஏப்ரல்லதான் தெறப்பாங்க. மே மாசத்துல சனி ஞாயிறு மூணாறு டவுனுக்குள்ள வண்டி நகராது. நீலக்குறிஞ்சி பூக்குமான்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. 2018-ல பூத்துச்சு, 2030-லதான் இனி. அத வெச்சு ரூம் புக் பண்ணிட்டு வந்து என்கிட்ட சண்டை போடறாங்க.

---

கோபாலபுரம்_கடை | மார்ச் 29, மாலை 6:20

எல்லாத்துக்கும் காரணம் போன்தான். ஒரே மருந்து பரம்பிக்குளம். நம்ம பாலக்காடு ஜில்லா காடு, ஆனா போறதுக்கு வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் சுத்தித்தான். உள்ள போனா சிக்னல் பேருக்குத்தான். வனத்துறை வண்டில, அவங்க ஆளோட சுத்திக் காட்டுவாங்க. கன்னிமாரா தேக்கு பாருங்க, அஞ்சு பேர் கைகோத்தாத்தான் மரத்தச் சுத்தி வரும். நாங்க போன வருஷம் பிள்ளைககிட்ட எதுவும் சொல்லாம அங்க கொண்டுபோய் எறக்கிட்டோம்.

---

பிளஸ்டூ_பொண்ணு | மார்ச் 29, இரவு 11:58

கோபாலபுரம் அங்கிள், அந்தப் பிள்ளைகள்ல ஒருத்தி எப்படி இருந்தான்னும் எழுதுங்க. சொல்லாம கொண்டுபோனா அது டூரா, கடத்தலா?

நான் 17. பெரியம்மா இந்த இழைய அனுப்பினாங்க, பதில் எழுதுன்னாங்க. எழுதறேன்.

எங்களுக்கு ஊர் பிடிக்காம இல்ல. சொந்தக்காரங்க வீட்டுல எறங்கி "எத்தன மார்க் வரும்? நீட் எழுதறியா?"ன்னு கேக்கறதுதான் பிடிக்காது. டூர்னு சொல்லிட்டு வழில மூணு வீடு. மூணு வீட்டுலயும் அதே கேள்வி, அதே மிக்சர்.

அப்பறம் போட்டோ. வேர்த்து வழியற நேரத்துல நிக்க வெச்சு எடுத்து, கேக்காம குடும்ப குரூப்ல போட்டு, அதுக்கு சித்தப்பா "கொஞ்சம் வெயிட் போட்டுட்டாளோ"ன்னு எழுதுவாரு. அதுக்கப்பறம் நான் எந்தப் பாறைக்கு எறங்கறது?

இன்னொன்னு யாரும் எழுத மாட்டீங்க, நான் எழுதறேன். பீரியட்ஸ் தேதி. அம்மாங்க காலண்டர்ல சஷ்டி, அமாவாசை எல்லாம் பாப்பாங்க, இத மட்டும் பாக்க மாட்டாங்க. அஞ்சு மணி நேரம் வண்டில, நடுவுல ஒழுங்கான பாத்ரூம் கிடையாது, பக்கத்துல தாத்தா. இறங்க மாட்டேன்னு சொன்னா கொழுப்பாம். அந்த அக்காவோட பொண்ணு அன்னைக்கு ஏன் எறங்கலன்னு யாராச்சும் தனியாக் கேட்டீங்களா?

கொச்சி அடிபொளி ஊர். அவ அத ஏன் கேக்கறான்னு எனக்குப் புரியுது. நடந்து போகலாம், நம்மள யாருக்கும் தெரியாது.

---

வேலந்தாவளம்_வீட்டம்மா | மார்ச் 30, காலை 7:05

கண்ணு, கேட்டேன். நேத்து ராத்திரியே போய்க் கேட்டேன். நீ சொன்னதுதான். ரெண்டாவது நாளாம். ஒரு வருஷமா அவ அப்பாவுக்கு அவ திமிர் பிடிச்சவ, எனக்கு அவ போன் பைத்தியம். ராத்திரி சரியாத் தூக்கம் வரல எனக்கு.

---

கோபாலபுரம்_கடை | மார்ச் 30, காலை 9:30

பாப்பா கேட்டதால சொல்றேன். எங்க பெரியவளுக்கு அன்னைக்கு உயிர்த்தோழி பொறந்தநாள். ராத்திரி 12 மணிக்கு வாழ்த்துச் சொல்லணும்னு ஒரு மாசமா வீடியோ ரெடி பண்ணி வெச்சிருக்கா, எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க அழுதா. காலைல மான் கூட்டம் ரூம் வாசல்ல நிக்குது, அவ திரும்பிப் பாக்கல. முன்னாடியே சொல்லிருக்கணும். இடம் நல்ல இடம், கொண்டுபோன விதம் தப்பு. ஒத்துக்கறேன்.

---

கோழிப்பாறை_2பசங்க | மார்ச் 30, பகல் 2:45

ஊர கேக்கறது, ஓட்டுப்போடறது இதெல்லாம் நாங்க பண்ணிப் பாத்து விட்டாச்சு. ஓட்டுப்போட்டா தோத்தவன் மூணு நாளும் மூஞ்சத் தூக்கிட்டுத்தான் வருவான். நாங்க இப்ப பண்றது வேற. ஒரு நாள முழுசா அவங்ககிட்ட குடுத்துர்றது. காசோட.

பெரியவன் பதினஞ்சு. போன டிசம்பர்ல கொச்சில ஒரு நாள், 2,500 ரூபா நோட்டா கைல குடுத்தோம். எங்க சாப்பிடறது, எதுல போறது, எதப் பாக்கறது எல்லாம் அவன் பாடு. நாங்க வாயத் தொறக்கக் கூடாது, இதான் ஒப்பந்தம். என் மனைவிக்கு இந்த ரெண்டாவது பாதி ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

அவன் மட்டாஞ்சேரி யூதப் பள்ளிய (அவங்க கோயில்) மெயினா வெச்சிருந்தான். 1568-ல கட்டினது, தரை பூரா சீனாலருந்து வந்த கையால வரைஞ்ச ஓடு, ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காதுன்னு வண்டில பூரா எங்களுக்குப் பாடம். போய் நின்னா பூட்டு. அன்னைக்கு சனிக்கிழமை. யூதங்களுக்கு சனிக்கிழமைதான் ஓய்வு நாள், இவன் ஓடு எங்கருந்து வந்துச்சுன்னு படிச்சானே தவிர கிழமையப் பாக்கல. எனக்குத் தெரியும். முந்தின நாளே தெரியும். சொல்லல. என் மனைவி இன்னைக்கும் அதுக்கு என்னை மன்னிக்கல. பையன் அஞ்சு நிமிஷம் செவந்து போய் நின்னான், அப்பறம் பக்கத்துல இருக்கற டச்சு அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனான். (அது வெள்ளிக்கிழமை லீவு. உங்க பொண்ணுக்கு ரெண்டையும் சொல்லணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.)

தனிப் படகுக்காரன்கிட்ட மாட்டாதீங்க. ஹைகோர்ட் ஜெட்டிலருந்து வாட்டர் மெட்ரோ ஃபோர்ட் கொச்சிக்குப் போகுது, ஏசி படகு, டிக்கெட் பத்து இருபதுல முடியற விஷயம் இல்லன்னாலும் தனிப் படகுக்குக் கேக்கற காசுக்கு ரொம்பக் கம்மி.

ரூம் விஷயம்: 12 தாண்டினா பல லாட்ஜுல பெரியவங்க கணக்கு. அஞ்சு பேரையும் ஒரே ரூம்ல அடைக்காதீங்க. ரெண்டு ரூம் போட்டு, பொண்ணு, நீங்க, மாமியார் ஒன்னு. அப்பாவும் பையனும் ஒன்னு. காசு கூடும், சண்டை குறையும்.

---

ரிட்டயர்டு_ரயில் | மார்ச் 30, மாலை 4:10

பதினைந்து வயதுப் பையனிடம் 2,500 ரூபாய், அதுவும் தெரிந்தே பூட்டின கதவு முன் நிறுத்துவது. நல்ல தகப்பன்.

---

கோழிப்பாறை_2பசங்க | மார்ச் 30, மாலை 4:25

ஐயா, நீங்க பதினஞ்சு வயசுல தனியா எங்கயும் போனதில்லையா?

---

ரிட்டயர்டு_ரயில் | மார்ச் 30, மாலை 5:50

போயிருக்கிறேன். அப்பாவுக்குச் சொல்லாமல், ஷொரணூர் வரை. திரும்பி வர டிக்கெட்டுக்குக் காசில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

---

கொல்லங்கோட்டு_டீச்சர் | மார்ச் 30, இரவு 8:15

ஐயா, அந்தக் கதைதான் வேணும் 😄

வேலந்தாவளம், குருவாயூர் போறதா இருந்தா உடுப்ப முன்னாடியே சொல்லிருங்க. ஆம்பிளைக முண்டு கட்டி, சட்டையில்லாமத்தான் உள்ள போகணும். 13 வயசுப் பையனுக்கு அது உயிர் போற விஷயம், நடை வாசல்ல வெச்சுச் சொல்லாதீங்க. பொண்ணுக்கு ஜீன்ஸ் ஆகாது, சேலை, பாவாடை, சுடிதார் ஆகும். மதியம் நடை சாத்திருவாங்க, அந்த நேரத்துல பையன புன்னத்தூர்க் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துலதான், தேவஸ்வம் யானைக நிக்கற இடம். எங்க பையன் கோயில்ல இருந்தது இருபது நிமிஷம், அங்க ரெண்டு மணி நேரம்.

---

வேலந்தாவளம்_வீட்டம்மா | மே 19, இரவு 10:20

போய்ட்டு வந்தாச்சு. ரிசல்ட் வந்த பரபரப்புல எழுத முடியல. (பாஸ். மார்க் கேக்காதீங்க, அவ இத படிக்கறா.)

வெள்ளி குருவாயூர், சனி மதியத்துக்கு மேல எர்ணாகுளம், ஞாயிறு முழுசும் பொண்ணோட நாள், திங்கள் வீடு. மூணாறு இல்ல. இவருக்கு வருத்தம்தான். 3,000 ரூபா அவ கைல குடுத்தோம். கிழமை விஷயத்த நான் சொல்லல, அவளே பாத்து வெச்சிருந்தா.

எல்லாம் நல்லா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். மதியம் ஒரு கடைக்குத்தான் போகணும்னு பிடிவாதம். அங்க முக்கால் மணி நேரம் வரிசை. பையன் பசில அழாத குறை, மாமியார் பைலருந்து நேந்திரம்பழம் எடுத்து ஆளுக்கு ஒன்னு குடுத்தாங்க. நான் வாயத் தொறக்கல. உதட்டக் கடிச்சுட்டு நின்னேன். ஆட்டோவுக்கு அவ போட்ட கணக்கு தப்பு, சாயங்காலம் 140 ரூபாதான் மிச்சம், அதுல அஞ்சு பேருக்கும் டீ.

படகுக்கு உள்ள போறப்ப டிக்கெட்ட கேட்டுல காட்டணும். மாமியார் அத மடிச்சு இடுப்புல சொருகிட்டாங்க, கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரி. பின்னாடி வரிசை. நான் போறதுக்குள்ள பொண்ணு திரும்பி வந்து, பாட்டி கைய பிடிச்சு, அந்தச் சீட்ட நீவி விட்டு, "இந்தக் கறுப்புக் கட்டம் இருக்குல்ல, அத கண்ணாடில காட்டுங்க பாட்டி, அவசரமே இல்ல"ன்னா. அந்தக் குரல நான் வீட்டுல கேட்டதில்ல. படகுல ஏசி குளிருக்கு முந்தானைய காதுக்குச் சுத்திட்டு, இது கடலா ஆறான்னு மாமியார் கேக்க, காயல்னா அவ. அப்ப உப்பு இருக்குமா? இருக்கும். மீன்? அதும் இருக்கும். அக்கரை வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இதே.

ஃபோர்ட் கொச்சில சீனவலை இழுக்கறவங்க பையனையும் கூப்பிட்டாங்க. கயித்துல கட்டின கல்லுக ஒவ்வொன்னா எறங்க, வலை மேல வருது. வந்ததென்னவோ ரெண்டு பொடி மீனும் ஒரு பிளாஸ்டிக் பையும். இவன் உள்ளங்கை ரெண்டும் செவந்து போச்சு. அத போட்டோ எடுத்து அவனே குடும்ப குரூப்ல போட்டான். பொண்ணு போட்டோவ யாரும் கேக்காம எடுக்கல. ப்ளஸ்டூ கண்ணு, அது உன் புண்ணியம்.

கஷ்டப்பட்டது யார் தெரியுமா? இவர்தான். வண்டி ஓட்டல, வழி சொல்லல, காசு குடுக்கல. என்ன பண்றதுன்னே தெரியல அவருக்கு. கடற்கரை பெஞ்சுல உக்காந்து கப்பல் பாத்துட்டிருந்தார். பொண்ணு போய், "அப்பா, அடுத்து எங்கன்னு கேக்க மாட்டீங்களா?"ன்னா. "கேட்டா சொல்லுவியா?"ன்னார். "மாட்டேன்"ன்னு சொல்லிட்டு பக்கத்துல உக்காந்துட்டா. நான் அந்தப் பக்கம் போகல.

---

ரிட்டயர்டு_ரயில் | மே 20, காலை 5:35

திரும்பும்போது எந்த வண்டி?

---

வேலந்தாவளம்_வீட்டம்மா | மே 20, காலை 6:50

அத மட்டும் கேக்காதீங்க ஐயா. 60 நாள் கணக்கும் தப்பிச்சு, தட்கலும் கிடைக்கல. ஜெனரல் பெட்டி. மாமியாருக்கு மட்டும் இடம் கிடைச்சது, நாங்க திருச்சூர் வரைக்கும் நின்னோம்.

ஓணம் அவதிக்கு இவர் பரம்பிக்குளம்ங்கறார். நேத்து சமையக்கட்டு காலண்டர்ல பொண்ணு பென்சில்ல ரெண்டு தேதிய அடிச்சுட்டு, மூணாவதச் சுழிச்சு வெச்சிருக்கா. பக்கத்துல பையன் கையெழுத்து: "சிக்னல் இல்ல. சொல்லியாச்சு."